துயர்துடைப்புப் பணியில் மொழியாய்வின் இடம்

போரினாலும் பேரிடரினாலும் இடம்பெயர்ந்தோர்க்கு உணவும் மருந்தும் உறைவிடமும் வழங்குவதே மனிதநேய உதவி என நெடுங்காலம் கருதி வந்தோம். 2016இல் இசுதான்புல்லில் நடைபெற்ற உலக மனிதநேய உச்சிமாநாட்டையொட்டி, உதவி பெறுவோரும் முடிவெடுப்பதில் பங்குகொள்ள வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. பங்குகொள்வதற்கு முதற்படி பேச்சு. எனவே, எம்மொழியில் பேசுவது என்னும் வினா ஆய்வுக்குரியதாகிறது.

2017 ஆகஸ்டு முதல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியர் மியன்மாரிலிருந்து வங்காளதேசத்தின் காக்ஸ் பசார் பகுதிக்குத் தப்பி வந்தனர். அவர்தம் மொழியும் அவ்வட்டாரச் சிட்டகாங் மொழியும் நெருங்கிய உறவுடையன. ஆதலின் உள்ளூரார் பலர் மொழிபெயர்ப்பாளராயினர். பின்னர் ‘எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்’ அமைப்பு மேற்கொண்ட கள ஆய்வுகள், அவ்வுறவுக்குள் மறைந்திருந்த இடைவெளியைக் காட்டின.

ஒரு சான்று காண்போம். வயிற்றுப்போக்கை ரோஹிங்கியர் ‘கா லாமனி’ என்பர். சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் அது உடல் இறங்குதல் என்றாகும். இதனை உடற்சோர்வு என மருத்துவரிடம் உரைத்துவிட்டால், நீரிழப்புக்குரிய மருத்துவம் கிட்டாது. குழந்தையாயின் உயிருக்கே கேடு நேரலாம். ‘வயிறு போகிறது’ என நாம் கூறுவதை அயலார் எங்ஙனம் உணர்வர் என எண்ணினால் இவ்விடர் விளங்கும்.

எழுத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. ரோஹிங்கிய மொழிக்குரிய ஹனிஃபி எழுத்து 2018இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. ஆயினும் முகாம்வாழ் மக்களுள் எழுதப் படிக்க அறிந்தோர் குறைவு. துண்டறிக்கையினும் ஒலிவழி அறிவிப்பே அவர்க்குப் பயன்படும்.

கணக்கெடுப்பும் மொழியைச் சார்ந்ததே. வேற்றுமொழியில் எழுதப்பட்ட வினாநிரலைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அவ்வப்போது தம் போக்கில் பெயர்த்துக் கேட்டால், ஒரே வினா பல வினாக்களாகிவிடும். விடைகளைக் கூட்டி எண்ணிக்கை தரலாம். அவ்வெண்ணிக்கையை நம்பி உணவுப்பங்கீடு செய்தல் இயலாது.

2025இல் பெருநாடுகள் சில உதவிநிதியைக் குறைத்தன. இந்நிலையில் ஆய்வு வீண்செலவாகத் தோன்றக்கூடும். பொருள் குறையும்போதே தவறான இடத்தில் சேரும் உதவியின் இழப்புப் பெரிதாகிறது. ஆதலின் ஆய்வின் தேவை மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை.

மலேசியாவிலும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட ரோஹிங்கியர் அகதிகளாகப் பதிவு பெற்றுள்ளனர். மொழியியல் பயிலும் மாணவர்க்கு இது அண்மையிலுள்ள களம். நோய், பசி, அச்சம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அம்மக்களிடமே கேட்டுத் தொகுத்து, மீண்டும் அவர்களிடமே சரிபார்க்கும் சிறு சொற்றொகுதியும் மருத்துவமனையில் ஓர் உயிரைக் காக்க உதவும்.