தேடுகிறவர் தட்டும் சொல்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையை ஒட்டி இருக்கிறது அரும்பாவூர். வாகை, வேம்பு, மா என்று மரம் பார்த்து வாங்கி, ஒரே கட்டையில் முழுச் சிலையையும் செதுக்கி எடுக்கிற ஊர். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் கிடைத்தது. பல தலைமுறையாக உளி பிடித்த கைகளுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது.

இப்போது கோயம்புத்தூரில் ஒருவர் புது வீடு கட்டி, பூஜை அறைக்கு ஒரு மரப் பிள்ளையார் வேண்டும் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் போனை எடுப்பார். என்ன தட்டுவார்? ‘மரத்தில் பிள்ளையார் சிலை’ என்று தட்டுவார். ‘பூஜை ரூம் கதவு டிசைன்’, ‘மரச் சிலை விலை’ என்று தட்டுவார். அரும்பாவூர் என்று தட்ட வேண்டுமானால் அந்தப் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவருக்குத் தேடவே அவசியமில்லை. யாரிடமாவது நம்பர் வாங்கி நேராகப் பேசிவிடுவார்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வியாபாரிகளில் பலர் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். செலவு செய்து வெப்சைட் போடுகிறார்கள். முகப்பில் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே நிறுவனரின் படம், ‘எங்கள் நோக்கம்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. விற்கிற பொருளின் பெயரும், அதன் அளவும், விலையும், எந்த ஊர் வரை அனுப்புவார்கள் என்பதும் எங்கேயும் இருக்காது. தேடுபொறி பக்கத்தில் இருக்கிற சொல்லைத்தான் முதலில் படிக்கும். ‘இரண்டடி வாகை மரப் பிள்ளையார்’ என்று எழுதாத பக்கத்தை, அதைத் தேடி வந்தவர் முன்னால் அது எதற்காகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

தேடுபொறி விளம்பரம் என்றதும் காசு கட்டி மேலே வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காசு கட்டுவது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது ஒரு ஏலம். வெங்காய மண்டியும் பருத்தி ஏலமும் பார்த்த பெரம்பலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. ஒவ்வொரு முறை ஒருவர் தேடும்போதும், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம் நடந்து முடிகிறது. 1998-இல் ‘கோடூ டாட் காம்’ என்ற அமெரிக்க நிறுவனம் இந்த முறையை ஆரம்பித்தது. அங்கே அதிகம் கேட்டவர் மேலே வந்தார். 2000 அக்டோபரில் கூகுள் 350 விளம்பரதாரர்களோடு ‘ஆட்வேர்ட்ஸ்’ என்று தொடங்கியதுதான் 2018-இல் ‘கூகுள் ஆட்ஸ்’ என்று பெயர் மாறியது. கூகுள் இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்தது. கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரமும் பார்க்கப்படும். தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும், விளம்பரத்துக்கும் அது கொண்டுபோய்விடும் பக்கத்துக்கும் பொருத்தம் இருந்தால், குறைந்த விலை கேட்டவரும் அதிக விலை கேட்டவருக்கு மேலே வரலாம். சின்னக் கடைக்காரருக்கு இந்த ஏலத்தில் இருக்கிற ஒரே பிடி இதுதான். பணத்தில் பெரிய கம்பெனியோடு மோத முடியாது. பொருத்தத்தில் மோதலாம்.

எப்படி என்பதற்கு அரியலூரையே எடுத்துக்கொள்வோம். டான்செம், ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, டால்மியா என்று ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை ஆலைகள். இந்த ஊரில் சிமென்ட் டீலர் ஒருவர் ‘அரியலூர் சிமென்ட்’ என்ற சொல்லுக்கு விளம்பரம் கொடுக்கிறார். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் எல்லாரும் வீடு கட்டுகிறவர்களா? வேலை தேடும் ஐடிஐ மாணவர் தேடுவார். ஆலையின் பங்கு விலை பார்க்கிறவர் தேடுவார். சுரங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் பள்ளிப் பிள்ளையும் தேடும். இவர்களில் யார் விளம்பரத்தைத் தொட்டாலும் டீலரின் கணக்கில் காசு போகும். ‘வேலை’, ‘வேலைவாய்ப்பு’, ‘சம்பளம்’, ‘பங்கு’ என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லிவைக்க அங்கேயே வசதி உண்டு. விலக்குச் சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே இந்தப் பட்டியலைப் போடாதவரின் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

இன்னொரு ஓட்டை ஊர் குறிக்கும் இடத்தில் இருக்கிறது. ‘பெரம்பலூர்’ என்று குறித்துவிட்டால் பெரம்பலூரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விளம்பரம் தெரியும் என்று நினைக்கிறோம். கூகுள் ஆட்ஸ் தானாக வைத்திருக்கும் ஏற்பாடு அப்படி இல்லை. அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரில் ஆர்வம் காட்டுகிறவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கும் காட்டும். பஞ்சர் கடைக்காரருக்கு இது வீண் செலவு. உடனே மாற்றிவிட வேண்டும். ஆனால் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்துகிறவருக்கு அந்த ‘ஆர்வம் காட்டுகிறவர்’தான் வாடிக்கையாளர். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கட்டில் பீரோ வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. பர்னிச்சர் கடைக்காரர் அந்த ஏற்பாட்டை மாற்றாமல் விடுவதே நல்லது. ஒரே பட்டன்தான். ஒருவருக்கு அது நஷ்டம், இன்னொருவருக்கு லாபம்.

சொல்லுக்கே திரும்பி வருகிறேன். பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் போனால் ஊரே வெங்காயப் பட்டறையாக இருக்கும். உள்ளூரில் விற்கிறவர் ‘சின்ன வெங்காயம்’ என்று எழுதினால் போதும். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மூட்டையாக அனுப்ப நினைக்கிறவர் ‘சாம்பார் வெங்காயம்’ என்றும் எழுத வேண்டும், அங்கே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவரின் பக்கத்தில் ‘ஷாலட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லையென்றால், இறக்குமதி செய்கிறவர் கண்ணில் அவர் படவே மாட்டார். பட்டறையில் இருப்பது ஒரே வெங்காயம். அதைக் கேட்டு வருகிறவர் மூன்று பெயரில் வருகிறார்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே பாடு. அரும்பாவூரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘பா’வுக்கு எந்த எழுத்து, கடைசி ‘வூர்’ என்பதற்கு ஒரு யு-வா இரண்டு ஓ-வா என்று ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணவே முடியாது. எழுத்துப் பிழையைத் தேடுபொறி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். இருந்தாலும் பக்கத்தில் தமிழ்ப் பெயரும், புழக்கத்தில் இருக்கிற ஓரிரண்டு ஆங்கில எழுத்துமுறைகளும் இயல்பாக வந்து போவது நல்லது.

இதை எழுதும்போது ஏலாக்குறிச்சி நினைவுக்கு வருகிறது. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கும் அந்த ஊரில்தான் வீரமாமுனிவர் பல வருடம் வாழ்ந்தார். அடைக்கல மாதா கோயில் அவர் பெயரோடு சேர்ந்தது. திருக்காவலூர் என்று அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. 1732-இல் அவர் தொகுத்த ‘சதுரகராதி’ வருவதற்கு முன்னால், தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் நிகண்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். செய்யுளாகப் படித்து வைத்தவருக்குத்தான் சொல் அகப்படும். வீரமாமுனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வழியில் உள்ளே போகலாம். எ, ஏ இரண்டுக்கும், ஒ, ஓ இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டை எழுத்தில் கொண்டுவந்தவரும் அவர்தான். படிக்கிறவர், தேடுகிறவர் பக்கம் நின்று யோசித்த மனிதர். நம் வெப்சைட்டுகளுக்கு இன்று வேண்டியது அந்த மனசுதான்.

தமிழில் விளம்பரம் எடுபடுமா என்று கேட்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கூகுள் தன் விளம்பர ஏற்பாட்டில் தமிழைச் சேர்த்தது. அன்று முதல் தமிழிலேயே விளம்பரம் எழுதலாம், தமிழ்த் தேடுசொல்லுக்கு ஏலம் கேட்கலாம். போனில் பேசியே தேடுகிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில், ‘போர்வெல் போட எவ்வளவு ஆகும்’ என்று கேட்கிறவருக்குத் தமிழில் பதில் வைத்திருக்கும் பக்கம்தான் உதவும்.

சரி, ஒரு சொல்லை நாமே வளைத்துப் போட்டுக்கொள்ள முடியுமா? இதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் (அப்போது அதன் பெயர் கன்சிம் இன்ஃபோ) தங்கள் வர்த்தகச் சின்னச் சொற்களைப் போட்டி நிறுவனங்கள் விளம்பரச் சொல்லாக வாங்குவதைக் கூகுள் அனுமதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை பொதுவாக விவரிக்கும் சொற்கள் என்பது அதற்கு ஒரு காரணம். எல்லாரும் தேடும் பொதுச்சொல்லைப் பெயராக வைத்தால் தேடலில் எளிதில் அகப்படலாம். ஆனால் அதை உங்களுடையது என்று வேலி போடுவது கடினம். 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வர்த்தகச் சின்னத்தை விளம்பரச் சொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல என்ற நிலைக்கு வந்தது. மேட்ரிமோனி நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகாரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தராசு பிடிப்பவரே கடையும் வைத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், காசே இல்லாமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, அது உங்களுடையது என்று உறுதிசெய்வது. ‘பக்கத்தில்’ என்று தேடும்போது யாரை முதலில் காட்டுவது என்பதற்குப் பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு என்று மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் குடும்பம் ‘பக்கத்தில் சைவ ஓட்டல்’ என்று தேடும் நேரத்தில், உங்கள் ஓட்டல் திறந்திருக்கிறதா என்பது அங்கே சரியாக இருக்க வேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அங்கே பூக்கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்திருப்பவர் ஏழு நாளும் ‘திறந்திருக்கிறது’ என்று போட்டுவைத்தால், புதன்கிழமை வந்து ஏமாந்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நட்சத்திரம் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குகிற வேலையில் மட்டும் இறங்காதீர்கள். பிடிபட்டால் பதிவே போய்விடலாம்.

அதே மேப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த சிறு கடைகளின் பக்கம் ஒரே நாளில் காணாமல் போனது. வாடகை இடத்தில் கட்டிய வீடு அது. வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி வையுங்கள். அதையும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் வாங்குங்கள். வெப்சைட் போட்டுக் கொடுத்தவரின் பெயரில் டொமைன் இருந்து, பிறகு அவரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? ஒரு கிளிக் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய்க்கு 20 பேர் வருவார்கள். 20 பேரில் ஒருவர் போன் செய்தால் ஒரு விசாரணைக்கு 200 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பல ஆயிரம் ரூபாய்க்குச் சிலை விற்கும் சிற்பிக்கு இது கட்டுப்படியாகும். டீக்கடைக்காரருக்கு ஆகாது; அவருக்கு மேப் பதிவே போதும். எத்தனை கிளிக் என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. எத்தனை போன் வந்தது, அதில் எத்தனை விற்பனை ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘கூகுளில் முதல் இடம், கியாரண்டி’ என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். அப்படி உறுதி தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தொழில் மையங்களிடம் ஒரு வேண்டுகோள். தனித்தனியாக இதைச் செய்ய ஒவ்வொரு சிற்பியாலும் முடியாது. உளி பிடிக்கும் நேரத்தில் அவர் ஏலச்சொல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. அரும்பாவூரில் இரண்டு நாள் முகாம் போடுங்கள். ஒவ்வொரு பட்டறையையும் மேப்பில் பதியுங்கள். சிற்பிகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வெப்சைட் போட்டு, சிலையின் படம், மரம், அளவு, விலை, செய்ய ஆகும் நாள், சிற்பியின் போன் நம்பர் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏற்றுங்கள். ஊர்ப் பெயரோடு ‘மரத்தில் பிள்ளையார் சிலை’ என்ற சொல்லையும் மறக்காமல் சேருங்கள்.