வெள்ளத்தை அளப்போரின் பாதுகாப்பு

அணை கட்டுவதற்கும், பாலம் அமைப்பதற்கும், வெள்ள எச்சரிக்கை விடுப்பதற்கும் முதலில் தெரிய வேண்டுவது, ஆற்றில் விநாடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதே. மத்திய நீர் ஆணையமும் மாநில அரசுத் துறைகளும் இதற்கென ஆறுகளில் அளவீட்டு நிலையங்களை நடத்தி வருகின்றன. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும், நீரோட்டமானியைக் கொண்டு வேகத்தையும் அளந்து நீரின் அளவு கணக்கிடப்படுகிறது.

இப்பணியில் ஓர் இக்கட்டு உண்டு. சாதாரண நாட்களின் அளவுகள் எளிதில் கிடைத்துவிடுகின்றன. பெருவெள்ளத்தின் அளவோ அரிதாகவே கிடைக்கிறது. திட்டமிடுவோர் பெரிதும் வேண்டுவது அதனையே. ஆனால், அத்தகைய நாளில்தான் ஆற்றை நெருங்குவது உயிருக்கே ஆபத்தாகிறது.

நீரின் விசை

ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால், நீர் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மீட்டர் கணக்கில் ஆழத்தையும், விநாடிக்கு மீட்டர் கணக்கில் வேகத்தையும் பெருக்கி வரும் தொகை ஒன்றை நெருங்குமானால், ஆற்றில் நடந்து சென்று அளக்கக் கூடாது என்பது களப்பணியில் கையாளப்படும் பொது விதி. அரை மீட்டர் ஆழமே உள்ள நீரும் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் இவ்வெல்லையை எட்டிவிடும். பாறை வழுக்கும் இடங்களில் இதற்கும் குறைந்த அளவே ஆபத்தானது.

அணைக்குக் கீழே

2014 ஜூன் 8 அன்று, இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் பியாஸ் ஆறு திடீரெனப் பெருகி, சுற்றுலா வந்திருந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர் உயிரிழந்தனர். மழை இல்லாத வேளையிலும் ஆறு பெருகக்கூடும் என்பதை இத்துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது. எனவே அளவீட்டுக் குழுவினர், நீர் திறக்கப்படும் நேரத்தை அணை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். நீர்மட்டத்தைக் கண்காணிக்கக் கரையில் ஒருவரை நிறுத்தவும் வேண்டும்.

முன்னெச்சரிக்கைகள்

தனியாக எவரையும் அனுப்பலாகாது. நீந்தத் தெரிந்தவர்களும் படகில் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். எறிகயிறுடன் ஒருவர், ஓட்டம் செல்லும் திசையில் சற்றுக் கீழே காத்திருக்க வேண்டும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவது பாதுகாப்பானதாகத் தோன்றலாம். ஆனால், கால் இடறியவரை அக்கயிறே பிடித்து நிறுத்த, ஓட்டம் அவரை நீருக்கடியில் அழுத்திவிடக் கூடும்.

நீரில் இறங்காமலும் அளக்க வழிகள் உள்ளன. பாலத்திலிருந்தோ, ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்திலிருந்தோ கருவியை இறக்கலாம். மிதவையொன்றின் வேகத்தைக் கரையிலிருந்தே கணித்து, அதனைச் சுமார் 0.85ஆல் பெருக்கிச் சராசரி வேகத்தை அறியலாம். வெள்ளம் வடிந்தபின், கரையில் படிந்த தடங்களிலிருந்தும் உச்ச அளவைக் கணக்கிடலாம். துல்லியம் சற்றுக் குறையினும் இவை பயன்தரும்.

பதிவேட்டில் ஓரிடம் வெறுமையாக இருந்தால் விளக்கம் கேட்பது மேலதிகாரிகளின் கடமை. ‘ஆபத்துக் கருதி அளக்கப்படவில்லை’ என்னும் குறிப்பைத் தக்க விளக்கமாக ஏற்பதும் அவர்களது கடமையே. அவ்வுறுதி இருந்தால்தான் களப்பணியாளர் கரையிலேயே நின்றுவிடத் துணிவார்.