ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதமா?

மூட்டு வலி என்று போனால் முதலில் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஆர்.ஏ. ஃபேக்டர் கட்டாயம் இருக்கும். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. மூட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் காகிதம் தீர்ப்பு சொல்லிவிடுவதுதான் எனக்குக் கவலை.

1940-ல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர், எதிர்ப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு முடக்குவாத நோயாளியின் சீரத்தைச் சேர்த்தபோது அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டதைப் பதிவு செய்தார். 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸும் அதையே கண்டார். அப்படித் திரள வைத்ததுதான் ஆர்.ஏ. ஃபேக்டர். நம் உடலின் எதிர்ப்பொருளையே தாக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அது. முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரிடம் இருக்கும். காசநோயிலும் ஹெபடைடிஸ் சி-யிலும் வரும். ஒரு நோயும் இல்லாத முதியவர்கள் சிலரிடமும் இருக்கும்.

இதைவிட நம்பகமானது ஆன்டி-சிசிபி. புரதத்தில் உள்ள ஆர்ஜினின், ஒரு நொதியால் சிட்ருலினாக மாறும்போது சிலரின் உடல் அதை அந்நியமாக எண்ணி எதிர்க்கிறது; அந்த எதிர்ப்பொருள்தான் இது. 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். முடக்குவாதம் இல்லாதவரிடம் இது பாசிட்டிவாக வருவது அபூர்வம். ஆனால் வலி தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தோன்றிவிடும் என்பதால், வீக்கமே இல்லாதவருக்கு இதை வைத்து மருந்து தொடங்கிவிட முடியாது.

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் வகுத்த கணக்கைப் பாருங்கள். மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம். இரண்டு எதிர்ப்பொருள்களும் எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் சேர்த்து 3-தான். அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் இன்னொரு 1. ஆக, ரத்தம் மட்டும் 4-ஐத் தாண்டாது. மூட்டுகளுக்கு 5 வரை உண்டு. அறிகுறிகள் ஆறு வாரம் நீடித்தால் 1. எதிர்ப்பொருள் இல்லாமலேயே 7 வரும்! ‘நெகட்டிவ்தானே’ என்று சொல்லி, காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாத பெண்ணைத் திருப்பி அனுப்புவது பெரும் தவறு.

சிகிச்சை தொடங்கியபின் ஆர்.ஏ. ஃபேக்டரை மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. அழற்சி தணிகிறதா என்பதை ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் காட்டும். ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். கூடும்; நம் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் இது முக்கியம். சி.ஆர்.பி.யைக் கல்லீரல் சுரக்கிறது. சில நாட்களிலேயே ஏறி இறங்கும். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு மட்டும் அதை நம்ப முடியாது. சி.ஆர்.பி.யைத் தூண்டும் ஐ.எல்.-6 சமிக்ஞையையே அந்த மருந்து தடுப்பதால், மூட்டு வீங்கியிருந்தாலும், கிருமித்தொற்றே இருந்தாலும், எண் சாதாரணமாக வரலாம்.

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் மருந்து சாப்பிடுபவர்கள் தவறவே கூடாத பரிசோதனைகள் வேறு: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வலி குறைந்ததும் பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான்.