ஏற்காடு மலையில் ஏறுவதை விட இறங்கும்போதுதான் உஷார்!

மஞ்சக்குட்டை,

லீவு முடியப்போகுதுன்னா பொடியன்களை கூட்டிக்கொண்டு ஏற்காடு, மஞ்சக்குட்டை பக்கம் வண்டி கட்டுவது வழக்கம். ஏறும்போது பயப்படுகிறவர்கள் இறங்கும்போது அசந்துவிடுகிறார்கள்.

சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் என்ஜின் பிடிப்பு போய்விடும். முழு பாரமும் பிரேக் மேல் விழும். மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி பிரேக் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் நல்லது.

2024 ஏப்ரல் 30-ந் தேதி இந்த பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்ததில் சிறுவன் உள்பட பலர் பலியானார்கள்.

வளைவுகளில் பையன்களுக்கு வாந்தி வரும். ஜன்னலில் தலையை நீட்ட விடாமல், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.