பேய் உரைக்கும் வழக்கு

பேய்ப்படம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டுக் கூடி அமர்ந்துவிடுகின்றனர். அஞ்சி மகிழ்வதில் தவறொன்றுமில்லை. ஆயினும் அந்தப் பேய் உயிரோடிருந்த நாளில் யாராக இருந்தது, அதற்குத் தீங்கிழைத்தவர் யார் என்று நாம் கேட்பது அரிது. கேட்டுப் பார்த்தால், சிறந்த பேய்ப்படங்கள் சிலவற்றில் உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே தீராத வழக்கொன்று இருப்பது புலனாகும்.

1949-இல் வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தில், பழைய மாளிகையில் பாடித் திரியும் 'ஆவி' உண்மையில் தோட்டக்காரனின் மகளே. மாளிகைக்கு உரியவர் அவ்வாவியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். தோட்டக்காரன் மகளாகவே வந்திருந்தால் அவளை ஏறிட்டேனும் பார்த்திருப்பாரா?

பிமல் ராய் இயக்கிய 'மதுமதி' 1958-இல் வந்தது. அதில் நம் வைஜயந்திமாலா மலைவாழ் குலப் பெண்ணாக நடித்தார். ஜமீன்தாரின் கொடுமைக்குத் தப்ப அவள் மாளிகையின் மேல்தளத்திலிருந்து குதித்து மாய்கிறாள். செல்வாக்கு அக்குற்றத்தை மறைத்துவிடுகிறது. இறுதியில் அவளது ஆவியே நேரில் வந்து வினவ, ஜமீன்தார் உண்மையைக் கக்குகிறான். மறைந்திருந்த காவலர் அவனைக் கைது செய்கின்றனர். ஏழைப் பெண்ணின் சொல் சபை ஏறுவதற்கு அவள் பேயாக வரவேண்டியிருந்தது.

2024-இல் வெளிவந்த 'பிரமயுகம்' என்னும் மலையாளப் படம் 17-ஆம் நூற்றாண்டு மலபாரைக் காட்டுகிறது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பாடகன் ஒருவன் பசியோடு பாழ்மனை ஒன்றை அடைகிறான். மனைக்குரியவர் சோறிடுகிறார், பின்னர்ப் பகடையில் அவனைத் தோற்கடித்து, வெளியேறும் உரிமையையே பறித்துக்கொள்கிறார். உண்ட சோற்றுக்கு ஆயுளை ஈடாகக் கொள்ளும் கொத்தடிமை முறையின் உருவகமாகவே இதனை நாம் காண்கிறோம். அம்முறையை ஒழிக்கும் சட்டம் நம் நாட்டில் 1976-இல்தான் இயற்றப்பட்டது.

பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு இக்கதைகள் அயலானவை அல்ல. நாம் வாழும் பெருநகரங்களில் வீட்டுவேலை செய்வோர்க்கெனத் தனி லிப்ட் ஒதுக்கிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இன்றும் உள்ளன. நம் இல்லங்கள் சிலவற்றிலும் அவர்களுக்கென்று தனித் தம்ளர் இருக்கக்கூடும். படம் முடிந்தபின் பிள்ளைகளோடு இவற்றையும் பேசுதல் நன்று. மதுமதியின் குறையைக் கேட்க ஆவி வரவேண்டியிருந்தது. நம் வீட்டில் உழைப்பவரின் குறையை அவர் வாய்மொழியாகவே கேட்போமாக.