மின்பொறியியலில் மேற்கல்வி

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம், பரந்த ஏரியாலும் சஞ்சீவிராயர் கோயிலாலும் நடவாவிக் கிணற்றாலும் பெயர்பெற்ற சிற்றூர். அவ்வூர்க் கழனிகளில் இன்று ஏற்றப்பாட்டு இல்லை. நீர் இறைப்பது மின் மோட்டார். உழவர் விசையை அழுத்துகிறார். நீர் பொங்கி வாய்க்காலில் ஓடுகிறது. சில வேளைகளில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறுவதும் உண்டு. அஃது ஏன் என வினவும் சிறுவன், தான் அறியாமலே மின்பொறியியலின் வாயிலில் நிற்கிறான்.

மேட்டூரிலோ நெய்வேலியிலோ பிறக்கும் மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குவதால், ஆற்றலில் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிறது. ஓட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். ஆதலின், அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகின்றனர். அழுத்தம் 10 மடங்கு உயரின், அதே ஆற்றலுக்கு ஓட்டம் பத்தில் ஒன்றாகும். இழப்போ நூறில் ஒன்றாகிவிடும். ஆயின், அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் காப்புப் பொருள்கள் வேண்டுமே! அவற்றை ஆராய்வது உயர் அழுத்தப் பொறியியல்.

சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இது தனியொரு முதுநிலைப் படிப்பாகும். 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனத்தில், மின்பொறியியல் 1930-இல் புகுந்தது. 1978 முதல் அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாகும். உற்பத்தியும் தேவையும் நொடிதோறும் ஒத்திருக்கச் செய்யும் மின்திறன் அமைப்பியலும் அங்கே கற்பிக்கப்பெறுகிறது. முப்பந்தலில் காற்று ஒருகால் வீசும், ஒருகால் ஓயும். கதிரவனோ மாலையில் மறைவான். இவற்றை நம்பி வாழும் நாட்டிற்கு இக்கலை இன்றியமையாதது. காற்றாலையும் சூரியத் தகடும் தரும் மின்சாரத்தை நமக்கேற்ற வடிவில் மாற்றித் தருவது திறன் மின்னணுவியல்.

நான்காண்டு இளநிலைப் படிப்பை முடித்தோர் எம்.இ. அல்லது எம்.டெக். பட்டத்தை ஈராண்டில் பெறலாம். ஆராய்ச்சியில் நாட்டமுடையோர்க்கு, 1959-இல் நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.எஸ். என்னும் ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. அதற்கும் அப்பால் முனைவர் பட்டம். பட்டத்தின் பெயரைக் காட்டிலும் ஆய்வுக்கூடத்தையும் ஆசிரியரையும் கண்டு தேர்தலே அறிவுடைமை.

வேலைக்குச் சென்று வீட்டைத் தாங்க வேண்டிய பிள்ளை மேலும் ஈராண்டு படிப்பதெங்ஙனம்? சிற்றூர்க் குடும்பங்களில் இவ்வினா எளியதன்று. 'கேட்' எனும் அனைத்திந்தியத் தேர்வில் தகுதி பெற்று முழுநேரம் பயில்வோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்பெறுகிறது. அது பெருந்தொகையன்று, எனினும், பெற்றோரின் சுமையை ஓரளவு குறைக்கும்.

வேலையில் இருந்துகொண்டே கற்றோரும் உளர். அய்யலசோமயாஜுல லலிதா பதினெட்டு வயதில் கைம்மை எய்தியவர். கையிலோ பச்சிளங் குழந்தை. அவர் 1940-இல் கிண்டிக் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். பின்னர்ச் சிம்லாவில் பணிபுரிந்த காலத்தில், இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் பட்டத்தேர்வையும் எழுதித் தேறினார். பக்ரா நங்கல் அணைத்திட்டத்திற்கான மின்செலுத்தப் பணிகளில் அவருடைய உழைப்பும் கலந்துள்ளது.