நடுநிலையின் முடிவு: பேர்ள் துறைமுகத் தாக்குதலும் ஐக்கிய அமெரிக்காவும்

ஒரு நாடு போரில் இறங்கிய தருணத்தையே அது போரில் இறங்கியமைக்கான காரணமாகக் கொள்ளுதல் வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் வழுவாகும். 1941 டிசெம்பர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 350 யப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் மாண்டனர். மறுநாளே ஐக்கிய அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்தது. தாக்கப்பட்டமையால் போரிட்டது என்று கூறி அமைதல் எளிது. ஆனால், அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், ஒக்ரோபர் 31இல், 'ரூபன் ஜேம்ஸ்' என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பலை யேர்மனிய நீர்மூழ்கி ஒன்று அத்திலாந்திக்கில் மூழ்கடித்தது. ஏறத்தாழ நூறு மாலுமிகள் இறந்தனர். எனினும் போர் மூளவில்லை. ஒரு தாக்குதல் பொறுத்துக்கொள்ளப்பட, மற்றொன்று போராக மாறியது ஏன் என்பதே நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

அமெரிக்க நடுநிலைக்குச் சமூக அடித்தளம் ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போரில் ஆயுத உற்பத்தியாளரும் வங்கியாளரும் ஈட்டிய இலாபத்தை, செனற்றர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு 1934 முதல் 1936 வரை விசாரித்தது. பிறர் இலாபத்துக்காகத் தம் பிள்ளைகள் பலியிடப்பட்டனர் என்ற உணர்வு மக்களிடையே பரவியது. 1935, 1936, 1937 ஆம் ஆண்டுகளின் நடுநிலைச் சட்டங்கள் இச்சூழலில் எழுந்தவை. நடுநிலை கோரியோருள் போரை வெறுத்த சாதாரண மக்களும் இருந்தனர். பாசிசத்தின்பால் பரிவு கொண்டோரும் இருந்தனர். இவ்விரு சாராரையும் ஒன்றெனக் கருதுதல் தவறாகும்.

சட்டத்தில் நிலைத்த நடுநிலை, நடைமுறையில் படிப்படியாகத் தேய்ந்தது. 1940 செப்ரெம்பரில் 50 நாசகாரிக் கப்பல்கள் பிரித்தானியாவுக்கு வழங்கப்பட்டன. பதிலாகத் தளங்கள் பெறப்பட்டன. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது. பசிபிக்கில், 1937 முதல் சீனாவில் கொடிய ஆக்கிரமிப்புப் போர் நடத்திய யப்பான், 1941 யூலையில் தென் இந்தோசீனாவிலும் புகுந்தது. அமெரிக்கா யப்பானியச் சொத்துக்களை முடக்கியது. எண்ணெய் விநியோகமும் நின்றது. தனக்குத் தேவையான எண்ணெயின் மிகப் பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்தே பெற்றுவந்த யப்பானின் ஆட்சியாளருக்கு இரு வழிகளே புலப்பட்டன: ஒன்று, சீனாவிலிருந்து பின்வாங்குதல், மற்றது, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைக் கைப்பற்றுதல். இரண்டாவதைத் தெரிந்தெடுத்த அவர்கள், அதற்குத் தடையாகக்கூடிய அமெரிக்கக் கப்பற்படையை முதலில் முடக்க முனைந்தனர்.

இவ்வளவும் நிகழ்ந்தபோதும் உள்நாட்டில் கருத்தொருமை ஏற்படவில்லை. 1941 ஓகஸ்டில் கட்டாயப் படைச்சேவையை நீடிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்திலேயே நிறைவேறியது. பொருளாதார நலன்கள் ஒரு நாட்டைப் போரின் வாசல்வரை கொண்டுவரலாம். வாசலைக் கடக்க மக்களின் இசைவு வேண்டும். 'ரூபன் ஜேம்ஸ்' பிரித்தானியாவுக்குச் சென்ற சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றது. ஆகவே, போகத்தகாத இடத்துக்குப் போனமையால் வந்த விளைவு என்று வாதிட இடமிருந்தது. பேர்ள் துறைமுகத்திலோ கப்பல்கள் தம் துறையில் நங்கூரமிட்டிருந்தன. வாசிங்ரனில் பேச்சுவார்த்தை முறிந்ததென யப்பானியத் தூதர் அறிவித்ததும் தாக்குதல் தொடங்கிய பின்னரே. யார் தொடங்கியது என்ற வினாவுக்கு ஐயமற விடை கிடைத்தது. ஏன் நேர்ந்தது என்ற வினா அதனுடன் மறைந்தது.

டிசெம்பர் 8இல் செனற் சபை 82க்கு 0 எனவும், பிரதிநிதிகள் சபை 388க்கு 1 எனவும் வாக்களித்தன. 1917இலும் போரை எதிர்த்து வாக்களித்த மொன்டானாவின் ஜெனற் ராங்கின் அம்மையாரே அந்த ஒருவர். அப்பிரகடனம் யப்பானுக்கு எதிரானது மட்டுமே. டிசெம்பர் 11இல் யேர்மனியும் இத்தாலியும் தாமே அமெரிக்காமீது போர் அறிவித்தன.

அந்த ஒருமைப்பாடு பாசிசத்தை முறியடிக்க உதவியதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் விலையை யார் செலுத்தினர்? 1942 பெப்ரவரி 19ஆம் திகதிய ஆணையின் விளைவாக, யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். அரசு இதற்கு மன்னிப்புக் கோரியது 1988இலேயே.

பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளுள் ஐந்து, 1942 ஏப்ரில் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கின. போரா, நடுநிலையா என்று விவாதிக்கும் உரிமை அன்று எமது நாட்டுக்கு இருக்கவில்லை. பிரித்தானியாவின் போர் குடியேற்ற நாட்டின் போராகவும் ஆயிற்று. அவ்வுரிமை பெற்றிருந்த அமெரிக்காவிலோ, திடீர்த் தாக்குதல் புதிய முரண்பாடு எதனையும் தோற்றுவிக்கவில்லை. இருந்த முரண்பாட்டைப் பற்றிய விவாதத்தையே ஒரு நாளில் முடித்துவைத்தது. முகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் தமக்காகப் பேசுவோரைத் தேடியபோது, அவ்விவாதத்தின் இழப்பு எத்தகையது என்பது புலனாயிற்று.